ஜீன் டெஸ்ட்டுல "ரிஸ்க் கம்மி"ன்னு வந்தா சிகரெட்டைத் தொடரலாமா? பசங்களும் பெத்தவங்களும் பேசுங்க

நொய்யல்கரை (கோவை) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் உயிர்த்தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கிறேன். மரபணுப் பாடம் எடுக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு பையன் இதைக் கேட்டுவிடுகிறான்: "மேம், குப்பியில எச்சில் துப்பி அனுப்புனா எந்த வியாதி வரும்னு சொல்றாங்களே, அதுல நுரையீரல் கேன்சர் ரிஸ்க் கம்மின்னு வந்தா தம் அடிக்கலாம்ல?"

விளையாட்டுக்குக் கேட்பதில்லை. கல்லூரிக்குச் சற்றுத் தள்ளி இருக்கிற பேக்கரியில் டீயும் பப்ஸும் கையிலிருந்தால் கூடவே ஒரு சிகரெட்டும் இருக்கிற பசங்கள் இவர்கள். கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த எல்லை முடிகிற இடத்தில்தான் கடைகளே தொடங்குகின்றன.

அப்படி ஒரு பரிசோதனை கைக்கு வந்தால் எடுப்பீர்களா என்று நானும் திருப்பிக் கேட்டு வருகிறேன். வருகிற பதில்கள் மனதை உறுத்துகின்றன. "எடுப்பேன், கம்மின்னு வந்தா நிம்மதியா இருக்கலாம்" என்கிறவர்கள் உண்டு. "காசு குடுத்து வெசனத்தை எதுக்கு வாங்கோணும்?" என்பவர்களும் உண்டு. "எங்க அப்பாரு (தாத்தா) தொண்ணூறு வயசு வரைக்கும் சுருட்டு குடிச்சாருங்க, எங்க வம்சத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்கிறவன், பரிசோதனையே எடுக்காமல் முடிவைத் தானே எழுதிக்கொண்டவன். சில பேர் மெதுவாக, "வீட்டுல தெரிஞ்சா?" என்பார்கள். பயம் நோயின் மேல் இல்லை, அப்பா மேல்.

எல்லாப் பேச்சுக்கும் அடியில் ஒரே எண்ணம் கிடக்கிறது. சிகரெட் சில பேரைக் கொல்லும், சில பேரை விட்டுவிடும், நான் எந்தப் பக்கம் என்று ஜீன் சொல்லிவிடும் என்கிற எண்ணம். அறிவியல் அப்படிச் சொல்லவே இல்லை. இளவயதுக்காரர்களுக்கு இந்தச் சோதனை எச்சரிக்கையாக இருப்பதைவிட அனுமதிச் சீட்டாகத்தான் போய்ச் சேரும் என்று உறுதியாக நினைக்கிறேன். புகைக்கிற பசங்களே இங்கே வந்து பேசினால் நன்றாக இருக்கும். யாரையும் யாரும் திட்ட வேண்டாம்.

தாராபுரத்துத்தம்பி (திருப்பூர்) எழுதியது:

மேடம், அந்தப் பசங்கள்ல நானும் ஒருத்தன்னு வெச்சுக்கங்க. சொந்த ஊரு தாராபுரம் பக்கம், திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர். வயசு 24. பையர் மெயில், சாம்பிள் அப்ரூவல், ஷிப்மெண்ட் தேதின்னு நாளெல்லாம் கழுத்துல கத்தி. வெளிய பேக்கரிக்கு வந்து ஒண்ணைப் பத்த வெச்சாத்தான் கட்டிங் மாஸ்டர்ல இருந்து துணிக்காரர் வரைக்கும் மனுசனாட்டப் பேசறாங்க. பாதி வேலை அங்கதான் முடியுது.

நான் அந்த டெஸ்ட்டை எடுப்பேனுங்க. பாக்கெட்டு மேல போட்டிருக்கற புண்ணு படம் ஊருக்கே பொதுவானது. அதையும் நாங்க பாக்கறதில்ல, ஏன்னா யாரும் பாக்கெட்டா வாங்கறதில்லீங், லூஸ்ல ஒண்ணு ரெண்டுதான். என்ற உடம்பை மட்டும் பாத்து ஒரு சீட்டு வந்தா அது எனக்குன்னு சொன்ன சேதி. ஜாஸ்தின்னு வந்தா நிறுத்திருவேன். கம்மின்னு வந்தா என்ன பண்ணுவேன்னு இப்பவே பொய் சொல்ல மனசு வரல.

சங்ககிரி_லோடு (சங்ககிரி) எழுதியது:

தம்பி, நான் நேசனல் பர்மிட் வண்டி ஓட்டறவன். ராத்திரி தூக்கம் வராம இருக்க பீடி பழகுனது. நீ சொல்றது எனக்குப் புரியுது, ஆனா யோசனை தலைகீழா இருக்குது. டயரு எந்தக் கம்பெனின்னு விசாரிச்சுட்டு, அது தேஞ்சு நூலு தெரியறதைப் பாக்காம திம்பம் மலைப்பாதைல எறங்கறவனாட்ட இருக்குது உன்ற பேச்சு.

என்ற கூட்டாளி ஒருத்தன் எங்கூட ஓட்டுனவன். நெஞ்சுச்சளின்னு ரொம்ப நாள் சும்மா இருந்தான். கடைசில டி.பி. மருந்து ஒழுங்கா எடுத்தான், ஆனா பீடியை விடல. இப்ப அவன் இல்ல. எந்த ஜீனும் அவனைக் கேட்டுட்டு வரல. வண்டிக்குள்ள நாங்க ரெண்டு பேரும் கண்ணாடிய ஏத்தி உட்டுட்டு அடிச்ச பீடிதான் எனக்குக் கண்ணுல நிக்குது.

நொய்யல்கரை எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்ன டி.பி. விஷயத்தைப் பாடத்தில்கூட யாரும் அழுத்திச் சொல்வதில்லை. நம் தமிழ்நாட்டிலேயே, சென்னையிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் விவரத்தை எடுத்து ஆராய்ந்தார்கள். 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. புகைத்தவர்கள் காசநோயால் இறப்பது புகைக்காதவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகம் என்று தெரிந்தது. சிகரெட் என்றால் கேன்சர் என்று மட்டுமே பசங்கள் நினைக்கிறார்கள். நம் ஊரில் புகை கொல்வது அதிகம் காசநோயாலும் மாரடைப்பாலும் மூச்சுக்குழாய் நோயாலும்தான். நுரையீரல் கேன்சர் ரிஸ்க் கம்மி என்று ஒரு தாள் சொன்னாலும் இதில் எதைப் பற்றியும் அது வாய் திறக்காது.

தம்பி, உங்கள் பதில் நேர்மையாக இருந்தது, அதனால் விவரமாகச் சொல்கிறேன். 2008-ல் ஐஸ்லாந்து, பிரான்ஸ், அமெரிக்கா என்று மூன்று குழுக்கள் ஒரே மாதத்தில் ஒரே இடத்தைக் கண்டுபிடித்தன. 15-ஆவது குரோமோசோமில் நிக்கோடின் வந்து ஒட்டுகிற ஏற்பியைச் செய்கிற ஜீன்கள் இருக்கும் பகுதி. அதில் முக்கியமானது சிஎச்ஆர்என்ஏ5. அங்கே டிஎன்ஏ-வின் ஓர் எழுத்து மாறியிருந்தால் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 1.3 மடங்கு ஆகிறது. அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் வந்திருந்தால் ஏறக்குறைய 1.8 மடங்கு. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் நெடுநாள் புகைத்தால் அந்த வாய்ப்பு புகைக்காதவரைவிட 15 முதல் 30 மடங்கு ஆகிறது. ஆக, "நல்ல" ஜீன் உள்ள புகைப்பவர், "கெட்ட" ஜீன் உள்ள புகைக்காதவரைவிடப் பல மடங்கு ஆபத்தில் இருக்கிறார். அதோடு அந்த மாற்றம் உள்ளவர்கள் நாளுக்குக் கூடுதலாகப் புகைக்கிறார்கள், விடவும் அதிகம் சிரமப்படுகிறார்கள். அந்த ஆபத்தின் பெரும்பகுதி புகை வழியாகத்தான் வருகிறது.

"ஜாஸ்தின்னு வந்தா நிறுத்திருவேன்" என்றீர்கள். அப்படிச் சொன்னவர்களை வைத்துப் பார்த்தும் விட்டார்கள். மரபணு முடிவைச் சொன்னால் மனிதர்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்கிறார்களா என்று 18 ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். புகையை விடுவதிலோ சாப்பாட்டிலோ உடற்பயிற்சியிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. முடிவைக் கேட்ட அன்று மனம் கலங்குகிறது. பிறகு கை பழைய இடத்துக்கே போகிறது.

காவிரிக்கரை (ஈரோடு) எழுதியது:

மேடம் சொல்றதுல எனக்கு ஒப்புதல் இல்லை. என் அம்மாவும் சித்தியும் மார்பகப் புற்றுநோயில் போனவங்க. மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டற பிஆர்சிஏ ஜீன் மாற்றம் இருக்கான்னு நான் சோதனை எடுத்துக்கிட்டேன். முடிவு நல்ல சேதி இல்லை. ஆனா அதுக்கப்பறம் தவறாம ஸ்கேன் எடுக்கறேன், மருத்துவர் என்னைக் கவனிக்கற விதமே மாறிருச்சு. தெரிஞ்சுக்கிட்டதுதான் எனக்குத் தைரியம்.

"பசங்களுக்குத் தெரிஞ்சா கெட்டுப் போவாங்க"ன்னு நாம முடிவு பண்றது சரியா? நம்ம வீடுகள்ல பெரியவங்களோட கேன்சரைக்கூட அவங்ககிட்டச் சொல்லாம மறைச்சவங்கதானே நாம. என் அமுச்சிக்கு (அம்மாவோட அம்மா) கடைசி வரைக்கும் என்ன வியாதின்னு யாரும் சொல்லலை. அவங்க உடம்பு, அவங்களுக்குத் தெரியறதுக்கு உரிமை இருந்துச்சு. இருபது வயசுப் பையனுக்கும் அதே உரிமை இருக்கு. சொல்ற முறையைச் சரி பண்ணுங்க. கதவை அடைக்காதீங்க.

மட்டுறுத்துநர்:

ஒரு பரிசோதனைப் பெட்டியை விற்கும் விளம்பர இணைப்பு நீக்கப்பட்டது. இந்த இழையில் விற்பனை வேண்டாம்.

மூச்சுமருத்துவர் (கரூர்) எழுதியது:

ஈரோட்டுச் சகோதரி சொல்வதில் பெரிய நியாயம் இருக்கிறது, அதை முதலில் ஏற்றுக்கொள்கிறேன். பிஆர்சிஏ மாதிரி ஒரே ஜீன் ஆபத்தைப் பல மடங்கு ஏற்றுகிற இடத்தில், தெரிந்தபின் செய்ய வேண்டியது தெளிவாக இருக்கிற இடத்தில், சோதனை உயிரைக் காக்கும். புகையிலும் அப்படி ஓர் உதாரணம் உண்டு. ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்ற புரதம் குறைவாகச் சுரக்கிற பரம்பரைக் குறையை 1963-ல் சுவீடனில் கண்டுபிடித்தார்கள். அது இருப்பவர் புகைத்தால் முப்பது, நாற்பது வயதிலேயே நுரையீரல் சிதையத் தொடங்கிவிடலாம். 1972 முதல் 1974 வரை சுவீடனில் 2 லட்சம் பச்சிளங்குழந்தைகளைச் சோதித்தார்கள். அந்தக் குறை இருப்பதாகத் தெரிந்து வளர்ந்த பிள்ளைகள், வயது வந்தபின் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் புகைத்தார்கள். பழக்கம் தொடங்கும் முன்னாலேயே தெரிந்ததும், ஆபத்து ஐயத்துக்கு இடமில்லாமல் இருந்ததும்தான் அதற்குக் காரணம் என்பது என் கருத்து. நம் ஊரில் அந்தக் குறை அபூர்வம்.

இன்னொன்று நம் ஊரில் அபூர்வமே இல்லை. பரம்பரைக் கொழுப்பு, அதாவது ரத்தத்தில் கொழுப்பு குடும்ப வழியாகவே மிக அதிகமாக இருப்பது. ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கும். குடும்பத்தில் நாற்பது, நாற்பத்தைந்து வயதிலேயே மாரடைப்பு வந்தவர் இருந்தால், அந்த வீட்டுப் பையன் சிகரெட்டும் பிடித்தால், எனக்கு உடனே கவலை வந்துவிடும். இதற்கும் முதலில் ஜீன் சோதனை வேண்டியதில்லை. சாதாரண ரத்தக் கொழுப்புச் சோதனையில் எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு 190-ஐத் தாண்டினால் அங்கேயே சந்தேகம் வந்துவிடும். மாத்திரை இருக்கிறது, வேலை செய்கிறது. எச்சில் குப்பிக்குக் காசு சேர்க்கிற தம்பிகள் முதலில் இதை எடுங்கள்.

ஆனால் கடையில் விற்கிற தொகுப்புச் சோதனைகள் வேறு ரகம். சின்னச் சின்ன மரபணு மாற்றங்களை நூற்றுக்கணக்கில் கூட்டி ஒரு எண்ணாகத் தருவார்கள். அந்த எண்ணுக்கு அடிப்படையான தரவு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையது. தெற்காசியர்களுக்கு அதே கணக்கைப் போட்டால் துல்லியம் குறைகிறது.

இப்போது தாராபுரத்துத் தம்பிக்கு. "என் உடம்பை மட்டும் பார்த்து ஒரு சீட்டு" வேண்டும் என்றீர்களே, அந்த ஆசை மிகச் சரியானது. அதற்குக் கருவி ஸ்பைரோமீட்டர். ஒரு குழாயில் முழு மூச்சையும் வேகமாக ஊத வேண்டும், அவ்வளவுதான். இங்கிலாந்தில் 35 வயது தாண்டிய 561 புகைப்பவர்களை ஊதவைத்தார்கள். பாதிப் பேரிடம் வெறும் அளவைச் சொன்னார்கள். மீதிப் பேரிடம் "உங்கள் நுரையீரலின் வயது இத்தனை" என்று சொன்னார்கள். ஒரு வருடம் கழித்து, அளவு மட்டும் கேட்டவர்களில் 6.4 சதவீதம் விட்டிருந்தார்கள். வயதைக் கேட்டவர்களில் 13.6 சதவீதம். 2008-ல் வெளியான ஆய்வு. அதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், நுரையீரல் வயது மோசமாக வந்தவர்கள் மட்டுமே விட்டார்கள் என்றில்லை. சரியாக இருக்கிறது என்று கேட்டவர்களும் அதே அளவு விட்டார்கள். "இன்னும் கெடவில்லை, இப்போதே நிறுத்தினால் காப்பாற்றலாம்" என்பதும் ஒரு சேதிதான்.

இருபதுகளில் இருக்கிறவருக்குப் பெரும்பாலும் சரியாகத்தான் வரும், அதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வயதில் நுரையீரல் அப்போதுதான் வளர்ந்து முடிக்கிறது. அந்தத் தாளைத் தொடர்வதற்கு அனுமதியாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பஞ்சாலைப்பேரன் (சிங்காநல்லூர்) எழுதியது:

டாக்டர் சார், ஒண்ணை விட்டுட்டீங்க. ஆளு எங்க வேலை செய்யறான்னு எந்த ஜீன் டெஸ்ட்டும் கேக்காது.

எங்க அப்பாரு மில்லுல பஞ்சை உதறிப் பிரிக்கற ப்ளோ ரூம்ல இருந்தவரு. பஞ்சுத் தூசி கண்ணு இமையில வெள்ளையாப் படிஞ்சிருக்கும். திங்கக்கிழமை லீவு முடிஞ்சு போனாருன்னா நெஞ்சை அடைக்கும், வாரக்கடைசிக்குள்ள சரியாகும். பஞ்சு நோய்க்கு அதுதான் அடையாளம்னு பின்னாலதான் தெரிஞ்சுது. கூடவே பீடி. தூசியும் புகையும் சேந்தா நுரையீரல் இன்னும் சீக்கிரம் போகுதுன்னு மருத்துவமனையில சொன்னாங்க. பிசினோசிஸ்ங்கற இந்தப் பஞ்சு நோய் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துப் பட்டியல்லயே இருந்துது, ஆனா பீடி குடிக்கறவன்னு தெரிஞ்சா ஆளாளுக்குப் பீடி மேலதான் பழியப் போட்டாங்க. மில்லுத் தூசியப் பத்தி யாரும் பேசல.

நாளைக்கு ஜீன் சீட்டும் கைக்கு வந்துருச்சுன்னா, "உன்ற ஜீனே அப்பிடி"ன்னு சொல்லி அதையும் கை கழுவீருவாங்க. எனக்கு அந்தப் பயம்தான் பெருசு.

நொய்யல்கரை எழுதியது:

பஞ்சாலைப்பேரன், இந்தக் கோணத்தை நான் வகுப்பில் சொல்லப்போகிறேன். வேலைக்கு எடுக்கும் முன் ஜீன் பார்க்கிற காலம் வந்தால், தூசியைக் குறைப்பதைவிட ஆளை மாற்றுவது மலிவு என்று நினைக்கிற முதலாளிகள் வருவார்கள். அமெரிக்காவில் 2008-ல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள், வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் மரபணுத் தகவலை வைத்து ஒதுக்கக் கூடாது என்று. நம்மிடம் அப்படித் தனிச் சட்டம் இல்லை.

பாலிசி_பெருந்துறை எழுதியது:

இன்சூரன்ஸ் தொழில்ல இருக்கறதால ஒரு வார்த்தைங்க. 2018-ல டெல்லி உயர் நீதிமன்றம், "மரபணுக் கோளாறு"ன்னு மொத்தமா ஒரு வரியைப் போட்டு மருத்துவக் காப்பீட்டை மறுக்கறது செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. ஆனா விண்ணப்பத்துல புகையிலை உண்டா, நாளுக்கு எத்தனைன்னு கேக்கறாங்கல்ல, அதுல உண்மையை எழுதுங்க. க்ளெய்ம் வர்ற அன்னிக்கு மாட்டறது அங்கதான். ஜீனுக்குப் பயப்படற பசங்க அந்தக் கட்டத்துல "இல்லை"ன்னு எழுதிட்டுப் போயிடறாங்க. பின்னால பொண்டாட்டி புள்ளைதான் அலையறாங்க.

பொள்ளாச்சி_அக்கா எழுதியது:

எல்லாரும் படிச்சவங்க பேசறீங்க, நான் வீட்டுக் கவலையைச் சொல்றேன். என்ற தங்கச்சி மகளுக்கு மாப்பிள்ளை பாக்கறோம். பையன் நல்ல வேலை, தோட்டம் இருக்குது. சிகரெட் உண்டுன்னு பேச்சு. ஒறம்பரைல ஒருத்தரு, "இப்பத்தான் ஜீன் டெஸ்ட் இருக்குதே, பையனுக்கு எடுக்கச் சொல்லிப் பாத்துடலாம்"ங்கறாரு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. கேக்கலாமுங்களா?

காவிரிக்கரை எழுதியது:

அக்கா, வேண்டாங்க. உரிமைன்னு இவ்வளவு நேரம் பேசுன நானே சொல்றேன். தான் தெரிஞ்சுக்கறதுக்காக எடுக்கறது வேற, அடுத்தவங்க தரம் பார்க்கறதுக்காக எடுக்க வெக்கறது வேற. என் முடிவு தெரிஞ்சதுக்கப்பறம் என் தங்கச்சிக்கு வரன் பேசுனவங்க திடீர்னு பேச்சை நிறுத்திட்டாங்க. அவ சோதனையே எடுக்கலை. ஒருத்தரோட ஜீன் சீட்டு அவங்க மட்டும் சம்பந்தப்பட்டது இல்லை, அண்ணன் தம்பி, பங்காளி வரைக்கும் இழுத்துட்டு வரும்.

அந்தத் தகவல் எங்க தங்கும்ங்கறதையும் யோசிங்க. 23 அண்ட் மீ என்ற அமெரிக்கக் கம்பெனியில 2023-ல 69 லட்சம் பேரோட விவரம் களவு போச்சு. 2025 மார்ச்ல அந்தக் கம்பெனி திவால் மனு கொடுத்துச்சு. கொடுத்த எச்சிலைத் திரும்ப வாங்க முடியாது.

பையன்கிட்டப் பொண்ணே நேரா கேக்கட்டும், சிகரெட்டை விடறதுக்கு மனசு இருக்கான்னு. அந்தக் கேள்விக்குத் தப்பு இல்லை.

பொள்ளாச்சி_அக்கா எழுதியது:

சரி கண்ணு. அதையே சொல்லிப்போடறேன்.

கோபி_வாய்க்கால் (கோபி) எழுதியது:

நான் கொஞ்சம் வேற பிரச்சினையோட வந்திருக்கேன். என் அண்ணனுக்கு க்ரோன்ஸ் வியாதி. குடல்ல புண்ணு, ரெண்டு தடவை ஆபரேசன். நான் காலேஜ்ல இருந்தே சிகரெட் பிடிக்கறேன். கூடப் பொறந்தவங்களுக்கும் வரலாம்னு சொன்னாங்க. அண்ணன் போன் பண்றப்பெல்லாம், "நீயாச்சும் விட்டுருடா"ம்பான். எனக்கு ஜீன் டெஸ்ட் எடுத்தா இது வருமா வராதான்னு தெரிஞ்சுருமா?

நொய்யல்கரை எழுதியது:

தம்பி, உங்கள் நிலைமையில் இருந்தவர்களை வைத்தே ஓர் ஆய்வு நடந்தது. க்ரோன்ஸ் நோயாளிகளின் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள், அவர்களில் புகைப்பவர்கள் 497 பேர். ஒரு சாராருக்கு மரபணு முடிவையும் சேர்த்து ஆபத்தைச் சொன்னார்கள். மறுசாராருக்குக் குடும்ப வரலாற்றையும் புகைப்பழக்கத்தையும் வைத்து மட்டும் சொன்னார்கள். ஆறு மாதத்துக்குள் ஒரு நாளாவது முழுதாகப் புகையை நிறுத்திப் பார்த்தவர்கள் முதல் சாராரில் 35 சதவீதம், இரண்டாவதில் 36 சதவீதம். ஜீன் சீட்டு கூடுதலாக எதையும் செய்யவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் மூன்றில் ஒருவர் முயற்சி செய்திருக்கிறார், அதை விட்டுவிடக் கூடாது.

இதற்கான முதல் ஜீன் என்ஓடி2. 2001-ல் ஐரோப்பியர்களிடம் கண்டுபிடித்தார்கள். அங்கே முக்கியமாக இருக்கிற மூன்று மாற்றங்கள் இந்தியர்களிடம் அரிதாகவே காணப்படுகின்றன. உங்களுக்கு அது "இல்லை" என்று வந்தால் அதற்கு அர்த்தமே இருக்காது. நீங்கள் அதை நிம்மதி என்று நினைத்துவிடுவீர்கள், அதுதான் என் பயம்.

மூச்சுமருத்துவர் எழுதியது:

கோபித் தம்பிக்குக் கூடுதலாக ஒன்று. க்ரோன்ஸ் வருகிற வாய்ப்பைப் புகை கூட்டுகிறது. வந்தபின் புகைத்தால் நோய் திரும்பத் திரும்பக் கிளம்பும், ஆபரேசனும் கூடும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற இன்னொரு குடல் நோயில் புகைப்பவர்களிடம் நோய் சற்றுக் குறைவாகத் தெரிகிறது. இணையத்தில் அதைப் படித்துவிட்டு "குடலுக்கு சிகரெட் நல்லது" என்று வருகிறவர்களைப் பார்க்கிறேன். உங்கள் வீட்டில் இருப்பது அந்த நோய் இல்லை. அண்ணன் சொல்வதைக் கேளுங்கள்.

தாராபுரத்துத்தம்பி எழுதியது:

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். ஒண்ணு மட்டும் இன்னும் மனசுல நிக்குது. நான் கேட்டது "எனக்கு வருமா". நீங்க எல்லாரும் சொல்றது, அந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்சாலும் கை நிக்காதுன்னு. உண்மைதானுங்க. எங்க பெரியப்பாவுக்கு 46 வயசுல மாரடைப்பு வந்துது, அதைப் பாத்துட்டு வந்த அன்னிக்கும் ஆஸ்பத்திரி வாசல்ல நான் பத்த வெச்சேன்.

கொழுப்பு டெஸ்ட்டுக்கு நாளைக்கு வெறும் வயித்துல போறேன். ஆனா விடறது எப்பிடி? எனக்கு வயசு 24 தானே, இப்ப விட்டா என்ன லாபம் கிடைக்கும்னு யாராச்சும் சொல்லுங்க. பயமுறுத்தறது போதும்.

மூச்சுமருத்துவர் எழுதியது:

46 வயதில் பெரியப்பா என்றால் கொழுப்புச் சோதனையை அவசியம் எடுங்கள், அப்பாவையும் எடுக்கச் சொல்லுங்கள்.

லாபம் கேட்டீர்கள். பிரிட்டனில் 1951-ல் தொடங்கி 34,000-க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களை 50 வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கு அதில் 3 வருடம் திரும்பக் கிடைத்தது, 50-ல் 6, 40-ல் 9. 30 வயதில் விட்டவர்களுக்கு ஏறக்குறைய பத்தும் கிடைத்தது. உங்களுக்கு இன்னும் 30 ஆகவில்லை. எந்த ஜீன் இருந்தாலும் இந்தக் கணக்கு உங்கள் பக்கம் இருக்கிறது.

வழி: 1800-11-2356, கட்டணமில்லாத எண். பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும், லூஸில் வாங்குகிறவர்களுக்குத் தெரியாமல் போகிறது. தமிழிலும் பேசுவார்கள். மருந்துக்கடையில் 2 மில்லிகிராம் நிக்கோடின் சூயிங்கம் கிடைக்கும். எழுந்து அரைமணி நேரத்துக்குள் முதல் சிகரெட் வேண்டும் என்கிற அளவுக்கு இருந்தால் அந்த அளவு போதாமல் போகலாம், மருத்துவரைப் பாருங்கள். மாத்திரைகளும் இருக்கின்றன.

சங்ககிரி_லோடு எழுதியது:

தம்பி, நான் விட்டு வருசமாச்சு. மொத வாரம் பேக்கரிப் பக்கம் போகாத. டீயை ஆபீசுக்கே வரவழைச்சுக் குடி. டீயும் தம்மும் ஒண்ணா வர்ற சோடி, ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு தானா வந்து நிக்கும். கட்டிங் மாஸ்டர்கிட்ட நேராச் சொல்லீரு, விடறேன்னு. நல்ல மனுசன்னா அவரே உன்ற முன்னால பத்த வெக்க மாட்டாரு.

தாராபுரத்துத்தம்பி எழுதியது:

சரிங்ண்ணா. டாக்டர் சார், கடைசியா ஒண்ணு. அந்த சூயிங்கம் முன்னாடி ஒருதடவை வாங்கி மென்னேன். தொண்டை எரிஞ்சுது, விக்கல் வந்துது, ஆசை மட்டும் அடங்கல. அதனாலதான் தூக்கி எறிஞ்சேன். அது எனக்கு ஒத்துக்காதுங்களா?

மூச்சுமருத்துவர் எழுதியது:

சாதாரண சூயிங்கம் மாதிரி விடாமல் மென்றிருப்பீர்கள், பெரும்பாலானவர்களுக்கு நடப்பதுதான். மெதுவாக மெல்லுங்கள். காரமாகச் சுரீரென்றதும் நிறுத்திவிட்டு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். அந்தச் சுரீர் அடங்கியதும் மறுபடி நாலு மெல்லு, மறுபக்கம் ஒதுக்கல். ஒரு கம் அரைமணி நேரம் இப்படி வர வேண்டும். எச்சிலை விழுங்கிக்கொண்டே இருந்தால் மருந்து வயிற்றுக்குப் போய் விக்கல்தான் வரும். டீ, காபி, ஜூஸ் குடித்து கால்மணி நேரமாவது போனபின் வாயில் போடுங்கள், இல்லையென்றால் வாய்க்குள் சரியாக உறிஞ்சாது. ஆசை உச்சத்துக்கு வரும்வரை காத்திருக்காமல், மணிக்கு ஒன்று என்று முதலில் வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு ரிப்போர்ட் வந்ததும் எல்டிஎல் அளவை இங்கே போட வேண்டாம், எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.